நாலு முனைக்கு ஒரே ஜாயிண்ட்

கூச்சப்படுகிற மனுசர் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. திருடன் கையில் கொடுத்தால் ஒரு வீட்டோடு போய்விடும். என் கையில் இருந்ததால் ஒரு தெருவே குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டில் வந்து உட்கார்ந்தது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று என் கால் விரலைப் பார்ப்பேன். கல்யாணமாகி, மகன் பிறந்து, தலை நரைத்த பிறகும் யாராவது பேச்சுக் கொடுத்தால் பார்வை கால் விரலுக்குத்தான் போகிறது. கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் மணியடித்தால் கதவைத் திறந்துவிட்டு அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொள்வேன். (அவரும் பழகிப்போய் கதவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.)

வீட்டுக்காரர் இருந்தவரை வெளியாட்களிடம் பேசுவது அவர் வேலை. அவர் போன பிறகு ஒருநாள் சமையலறைக் குழாய் ஒழுகியது. பிளம்பர் நம்பர் காலண்டரில் எழுதியிருந்தது. போன் போட்டேன். "ஹலோ, யாருங்க?" என்றார். வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து தைரியம் வந்து மறுபடியும் போட்டேன். மறுபடியும் யாரென்று கேட்டார். மறுபடியும் வைத்தேன். இப்படியே சாயங்காலம் வரை நடந்தது. கடைசியில் அவர் போனை அணைத்துவிட்டார்.

அப்போதுதான் என் மகன் பிரபு வாங்கிக் கொடுத்த போனில் குழாய் ரிப்பேர் வீடியோக்கள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். போனுக்குள் இருக்கிற ஆள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். நம்மிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்பதில்லை. எனக்கு அப்படிப்பட்ட ஆள்தான் ஒத்துவரும். அன்றைக்கு உள்ளே இருக்கிற ரப்பர் வாசரை மாற்றி அந்தக் குழாயை நிறுத்தினேன். நின்ற குழாயைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு பெருமை.

அதற்கப்புறம் கை நிற்கவில்லை. பாத்ரூம் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் அது வெளிப்பக்கம் இருப்பது தெரிந்தது. (தனியாக இருக்கிறவளுக்கு எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.) ஆடுகிற ஸ்டூலுக்கு ஆணி அடித்தேன். பிறகு அந்த ஸ்டூலிலேயே ஏறி காலிங்பெல்லை மாற்றப் போனேன். ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மணிக்கட்டு வீங்கிப் போயிற்று.

பிரபு பெங்களூரிலிருந்து வந்து வீக்கத்தைப் பார்த்தான். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அம்மா, நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்றனுங்க. இன்னொருக்கா ரிப்பேர் பண்றேன்னு ஏதாச்சு பண்ணிப்போட்டீங்கன்னா, நான் வந்து ஊட்டைப் பூட்டிட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிருவேன். இங்க ஒரு அவசரம்னா கூப்பிடறதுக்கு உங்களுக்கு ஒரு ஆளைத் தெரியுமா சொல்லுங்க?"

தெரியாது. எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் இருக்கிறது. அங்கே குடிவந்து மகனே வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். ஆனாலும் எதிர்வீட்டு சரோஜாவைத் தவிர யார் வீட்டு வாசலையும் நான் மிதித்ததில்லை. சரோஜா வீட்டையும் அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால்தான் மிதித்தேன்.

மகன் வீடு பதினோராவது மாடி. அங்கே எது ரிப்பேரானாலும் ஆள் வந்து சரிசெய்வார்கள், வந்த ஆளிடம் நான் பேச வேண்டும், அதுவும் கன்னடத்தில். என் வீட்டை விட்டு நான் போவதாக இல்லை. இனி எதையும் தொடுவதில்லை என்று முடிவுசெய்து ஸ்பேனரை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் தென்னைமட்டை விழுந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. தெருக்குழாயில் வருவது நல்ல தண்ணீர், குடிக்க, சமைக்க. வாரம் ஒருமுறைதான் வரும், அதைக் கீழே சம்ப்பில், அதாவது தரைக்குள் கட்டிய தொட்டியில், பிடித்துவைப்போம். மற்றது போர்த் தண்ணீர். அதை மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றி, குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற வைத்துக்கொள்வோம். வாயில் வைத்தால் கடல் தண்ணீருக்குச் சித்தப்பா மகள். அதில் பருப்பு வேகாது, காப்பி போட்டால் வந்த விருந்தாளி திரும்ப வரமாட்டார்.

என் வீட்டு மதில் ஓரமாக இந்த இரண்டு குழாயும் அக்காள் தங்கைபோல ஒட்டிக்கொண்டு போகும். வெயிலில் காய்ந்து மொறுமொறுப்பாகிப் போன பிளாஸ்டிக் குழாய்கள். மட்டை விழுந்ததில் இரண்டும் சேர்ந்தாற்போல் முறிந்தன. வால்வுகளை ஓடிப்போய் மூடினேன். பிளம்பரைக் கூப்பிட வாயில்லை. மகனைக் கூப்பிட்டால் வீட்டைப் பூட்ட வருவான். அரிசி டிரம்மைத்தான் நகர்த்தினேன்.

சாமான் கடையில் நல்ல கூட்டம். எல்லாரும் ஆம்பிளைகள். என் முறை வந்ததும் கடைக்காரர், "என்ன வேணுங்கம்மா?" என்றார். மனசுக்குள் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது, இரண்டு குழாய், இரண்டும் தனித்தனி, இரண்டுக்கும் ஒவ்வொரு ஜாயிண்ட் என்கிற பெரிய விளக்கம். வாயைத் திறந்தபோது வந்தது இவ்வளவுதான்:

"நாலு முனைய ஒண்ணு சேக்கோணுங்க."

அவர் உள்ளே கையை விட்டு ஒரு சாமானை எடுத்து வைத்தார். கூட்டல் குறிபோல நாலு பக்கமும் வாய் உள்ள ஜாயிண்ட். இதுவா என்று கேட்டார். எனக்கு வேண்டியது இதுவா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் இன்னொரு வாக்கியம் பேச வேண்டியிருக்கும். தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கப் பார்க்க அந்த ஜாயிண்ட் எனக்குப் பிடித்துப்போனது. முறிந்த முனை நாலு. ஜாயிண்டுக்கு வாய் நாலு. கணக்கு இவ்வளவு சரியாக வருகிறதே, இதைக் கண்டுபிடித்தவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று வியந்தேன். முனைகளை மட்டமாக அறுத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பசையைத் தாராளமாகப் பூசி நாலையும் உள்ளே தள்ளி அழுத்திப் பிடித்தேன். நன்றாக இறுகிய பிறகு வால்வுகளைத் திறந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் கொட்டியது. வேறென்ன வேண்டும்?

அன்றைக்கு எனக்குத் தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர்க் குழாயையும் நல்ல தண்ணீர்க் குழாயையும் ஒன்றாக்கிவிட்டேன். என் மேல்தொட்டி உயரத்தில் இருக்கிறது, தெருக்குழாய் பூமிக்குள் காலியாகக் கிடக்கிறது. என் வீட்டுப் போர்த் தண்ணீர் தடதடவென்று இறங்கி, தெருக்குழாய் வழியாக வீடு வீடாக விருந்துக்குப் போகத் தொடங்கியது. என் சம்ப்பு நிறைந்து அதன் வால்வை மூடி வைத்திருந்ததால் எனக்கு மட்டும் பழைய நல்ல தண்ணீரே இருந்தது.

மறுநாள் காலை சரோஜா தெருவில் நின்று எல்லாரையும் கூப்பிட்டாள். தண்ணீர் வரும் நாளே இல்லை, ஆனால் வருகிறது என்றாள். கதவிடுக்கில் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் குடம், அண்டா, குழந்தை குளிக்கிற டப். சில வீடுகளில் நேராகச் சம்ப்புக்கே விட்டார்கள். அதற்கு மறுநாளும் வந்தது. தெருவே சிரித்த முகமாக நடமாடியது.

என் வீட்டில் மட்டும் மேல்தொட்டி காலி. மோட்டார் போடுவேன், நிறையும், காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் காலி. காக்காய்தான் குடிக்கிறதோ என்று கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன். (எத்தனை காக்காய் வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை.) பிறகு தொட்டிதான் ஓட்டை என்று தீர்மானித்து, மாடிக்கு சிமெண்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியின் அடியைச் சுற்றிப் பூசினேன். நான் மேலே பூசிக்கொண்டிருந்தபோது கீழே ஒருவர் பிளெக்ஸ் பேனர் கட்டிக்கொண்டிருந்தார். தேர்தலில் நிற்கும் ஆசையுள்ள உள்ளூர்க்காரர். கும்பிட்ட கையோடு அவர் படம், பக்கத்தில் பொங்கி வழிகிற குடம், "எங்கள் தெருவுக்குத் தினமும் குடிநீர் தந்த தங்கமே" என்று எழுத்து. நான்கூட மேலே இருந்தபடி, நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

இதற்குள் வீடுகளில் வேறொரு சங்கதி நடந்துகொண்டிருந்தது. சரோஜா சாம்பாரை வாயில் வைத்துவிட்டு மருமகள் கவிதாவைப் பார்த்தாள். உப்பு அதிகம். கவிதா மறுநாள் பாதி உப்புப் போட்டாள். அப்போதும் அதிகம். அதற்கடுத்து உப்பே போடவில்லை; அப்படியும் கரித்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று சரோஜா முடிவுகட்டி, கவிதாவின் அம்மா வீட்டுச் சமையல் வரைக்கும் போய்விட்டாள். தெரு முழுக்க இதே கதைதான். மாமியார் உள்ள வீடுகளில் மருமகளுக்குத் திட்டு. மாமியார் இல்லாத வீடுகளில் புருசன் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டான்.

கடைசியில் கவிதாதான் பொறுக்க முடியாமல் ஒரு டம்ளரில் வெறும் தண்ணீரைப் பிடித்து, வாசலில் நாலு பேர் பார்க்க மாமியார் கையில் கொடுத்து, "இதுல நான் எத்தனை உப்பு போட்டிருக்கேன்னு குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க அத்தை" என்றாள். சரோஜா ஒரு வாய் குடித்தாள். அப்படியே துப்பினாள். அடுத்த காலையே சாலை மறியல்.

வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று தீர்மானம். என் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் நான். சரோஜா வந்து என் கையில் ஒரு காலிக் குடத்தைக் கொடுத்து நடத்திக்கொண்டு போனாள். மெயின் ரோட்டில் அந்தத் தங்கத்தின் பேனரையே அவிழ்த்துக்கொண்டு வந்து விரித்து அதன்மேல் உட்கார்ந்தோம். எனக்குக் கிடைத்தது அவர் கும்பிட்ட கை.

எங்கள் பக்கத்து மறியல் எப்படி இருக்கும் என்றால், முதலில் நின்ற பஸ்சின் டிரைவரிடம் போய் சரோஜா, "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, சித்த நேரந்தானுங்க" என்று கேட்டுக்கொண்டாள். அவரும், "பரவாயில்லீங், உக்காருங்க" என்று இஞ்சினை நிறுத்தினார். ஒருவர் ஆட்டோவில் மைக்செட் கொண்டுவந்தார். பேசியவர்கள் எல்லாரும் அதிகாரிகளை வாங்க போங்க என்றே திட்டினார்கள். நானும் வெயிலில் குடத்தைத் தலைக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு, யாரோ செய்த தப்புக்கு நாம் காய வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டிருந்தேன்.

தண்ணீர் ஆபீசர் வந்தார். லைனில் கோளாறு இல்லை, யாரோ ஒருவர் வீட்டுப் போர்த் தண்ணீர்தான் உள்ளே வருகிறது, எந்த வீடென்று தெரியாததால் ரோட்டைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும், முடியும்வரை இந்தத் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தப்போகிறோம், பத்து நாளும் ஆகலாம் என்றார். கவிதா இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர் போகிற போக்கில் கேட்டார்: "இங்க யாரு ஊட்லயாச்சு மேல்தொட்டி அடிக்கடி காலியாவுதுங்களா?"

காக்காய் குடிக்கவில்லை. தொட்டியில் ஓட்டை இல்லை. அந்தக் கூட்டல் குறி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சொன்னால் பிரபு வந்து வீட்டைப் பூட்டுவான். சொல்லாவிட்டால் இத்தனை வீடும் பத்து நாள் குடத்தோடு அலையும். சரோஜாவின் முந்தானையை இழுத்து, "எங்கூட்ல..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு அவசரம் என்று நினைத்துத் தன் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். மோர் வரவழைத்துக் கொடுத்தாள். அதற்கும் தலையாட்டினேன். அப்படியானால் அக்கா பேச ஆசைப்படுகிறார்கள் என்று அவளாகவே எழுந்து அறிவித்து, மைக்கை என் கையில் வைத்துவிட்டாள்.

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் கால் விரலைப் பார்த்தேன்.

"அந்த உப்புத் தண்ணி..." என் குரலை மைக்கில் கேட்டு நானே பயந்துபோனேன். "எங்கூட்ல இருந்துதானுங்க வருது."

யார் என்ன பேசினாலும் கைதட்டுவது என்று காலையிலேயே முடிவாகியிருந்ததால் எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவருக்காகப் புரிந்து, கைதட்டல் அங்கங்கே நின்றது. பஸ் டிரைவர் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தட்டினார். அவருக்கு வண்டியை எடுக்கலாம் என்பது முதலில் புரிந்துவிட்டது.

ஊர்வலமாக என் வீட்டுக்கு வந்தார்கள். ஆபீசர் மதிலோரம் குனிந்து ஜாயிண்டின் நாலு வாயையும் விரலால் தொட்டு எண்ணினார். இதை யார் மாட்டியது என்றார். நான்தானுங்க என்றேன். அவர் ஆட்கள் அதை அறுக்க ஆரம்பித்ததில் பிளேடு இரண்டு முறை ஒடிந்தது. ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு உறுதியாக நாங்களே மாட்டுவதில்லை என்றார். (அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. சொன்னால் என்ன.)

சரோஜா என் முன்னால் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று தயாராக இருந்தேன்.

"அக்கா, தண்ணி போனாப் போகுதுங்க. ஆனா நான் என்ற மருமவளைப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டனே. இப்ப நான் போயி அவகிட்ட மன்னிப்பு கேக்கோணுமுங்களே."

பின்னால் நின்ற மாமியார்கள் எல்லாரும் அதே முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற மருமகள்கள் முகம் வேறுமாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு நாலு வீட்டிலிருந்து வந்தது. எல்லாம் மருமகள்கள் கொண்டுவந்தது.

யாரோ என் பேச்சைப் போனில் வீடியோ பிடித்து விட்டிருந்தார்கள், அது பெங்களூர் வரை போய்விட்டது. பிரபு போனில் சொன்னது ஒரே வாக்கியம். "காலைல வாரேன், துணியெல்லாம் எடுத்து வெச்சிருங்கம்மா." சரி கண்ணு என்றேன். இரண்டு பையில் சேலைகளை மடித்து வைத்தேன். மடிக்க மடிக்க அழுகையாக வந்தது.

காலையில் ஒரு யோசனை வந்தது. போகிறதுதான் போகிறோம், உப்புத் தண்ணீர் விட்ட சம்ப்புகளையாவது கழுவிக் கொடுத்துவிட்டுப் போகலாம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுக்காரம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கால் விரலைப் பார்த்துக்கொண்டே விசயத்தைச் சொன்னேன். அவர்கள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். பிறகு சம்ப்பைத் திறந்தார்கள். அதன் வாய் சின்னது. அதற்குள் நுழையக்கூடிய உடம்பு அந்தத் தெருவிலேயே என்னுடையது ஒன்றுதான். நான் இறங்கித் தேய்ப்பேன், மேலே இருக்கிறவர்கள் வாளியில் அழுக்குத் தண்ணீரை வாங்குவார்கள். தொட்டிக்குள் இருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு நன்றாகப் பேச்சு வந்தது. ஒரு வீடு முடிவதற்குள் அடுத்த வீட்டார் வந்து நிற்பார்கள்.

பிரபு வந்தபோது என் வீடு பூட்டியிருந்தது. தெருவில் விசாரித்து, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் சரோஜா வீட்டு வாசலுக்கு வந்தான். அங்கே தரையிலிருந்து என் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"அம்மா, கெளம்பலாமுங்களா?"

"இன்னும் அஞ்சாறு ஊடு இருக்குது கண்ணு" என்றேன்.

அவன் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் நின்றான். கவிதா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் போனாள்.

"அண்ணா, பெரியம்மாளை இப்பக் கூட்டிட்டுப் போகாதீங்க. எங்கத்தை எங்கிட்ட இன்னும் மன்னிப்பு கேக்கலீங்க. அவங்க கேக்கறப்ப சாட்சிக்குப் பெரியம்மா இருக்கோணும். இவங்க போயிட்டாங்கன்னா, உப்பு நாந்தான் போட்டேன்னு மறுபடியும் சொல்லிருவாங்க."

சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தென்னைமரத்தைப் பார்த்தாள்.

பிரபு அங்கேயே படியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தான். அவன் அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவசரத்துக்குக் கூப்பிட கவிதாவின் நம்பரை வாங்கிக்கொண்டான், அவளே தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் நம்பரையும் வாங்கிக் கொடுத்தாள். சாயங்காலம் அவன் ஊருக்குப் போனபோது காரில் என் சேலைப் பைகள் போகவில்லை. ஸ்பேனர், ஆக்ஸா பிளேடு, பசை டப்பா எல்லாம் போயின.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேசத்தில் பந்தி போட்டாலும், சாம்பாரில் உப்புக் குறைந்தால் யாரும் உப்புக் கேட்பதில்லை. "பிரபு அம்மாளைக் கூப்பிட்டு ஒரு பைப்பு மாட்டச் சொல்லுங்க" என்கிறார்கள். பெங்களூரில் இருக்கிற பிரபுவின் மகள்கூட அப்படித்தான் சொல்கிறாளாம்.

சரோஜா இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தத் தீபாவளிக்குக் கேட்கிறேன், அந்தப் பொங்கலுக்குக் கேட்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வருகிறாள். போன வாரம் கவிதா இல்லாத நேரத்தில் என் வீட்டுக்கு வந்து, "நான் கேட்டுப்போட்டன்னா அப்புறம் உங்களை உங்க பையன் கூட்டிட்டுப் போயிருவானேக்கா, அதுக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

நானும் அவசரமில்லை, மெதுவாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.